ஹத்தீனில் தப்பித்த ரேமண்ட் துரோகியா? திரிப்போலிப் பிரபு பற்றி ஒரு விவாதம்

ஏட்டுச்சுருள்:

சிலுவைப்போர் என்று பேச்செடுத்தால் நம்மவர்களிடம் அது முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீனில் தொடங்கி இங்கிலாந்து அரசர் ரிச்சர்டில் போய் நின்றுவிடும். அவர்களுக்கு நடுவில் ஒருவர் எண்ணூறு ஆண்டுகளாகப் பழி சுமந்துகொண்டிருக்கிறார், அவரைப் பற்றித்தான் இந்த இழை. திரிப்போலிப் பிரபு மூன்றாம் ரேமண்ட். லிபியாவின் தலைநகர் இல்லை, லெபனான் கடற்கரையில் இருக்கிற திரிப்போலி.

1187 ஜூலை 4 அன்று கலிலேயாவில் ஹத்தீன் மேட்டில், ஐரோப்பியக் கிறித்தவர்கள் ஆண்ட ஜெருசலேம் அரசின் படை மொத்தமாக அழிந்தது. அரசர் கீ தெ லூசிஞான் பிடிபட்டார், படை முன்னால் தூக்கிச் சென்ற திருச்சிலுவை பறிபோனது, மூன்று மாதத்தில் ஜெருசலேமும் போய்விட்டது. அந்தக் களத்திலிருந்து குதிரையோடு வெளியே வந்த சிலரில் ரேமண்டும் ஒருவர். அன்று ஒட்டிய பெயர்தான் துரோகி. சலாஹுத்தீனுக்கு விலைபோய்விட்டார், ரகசியமாக மதம் மாறிவிட்டார் என்று ஐரோப்பாவில் என்னென்னவோ எழுதினார்கள்.

என் கட்சி இது: ஹத்தீனில் அவர் துரோகம் செய்யவில்லை. போருக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் படையைக் காப்பாற்றும் யோசனையைச் சொன்னவரே அவர்தான்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1152-ல் அவருடைய அப்பா இரண்டாம் ரேமண்டைத் திரிப்போலி நகரின் வாசலிலேயே நிஜாரி இஸ்மாயிலிகள் (அசாசின்கள் என்று பெயர் பெற்ற ஷியா பிரிவினர்) குத்திக் கொன்றார்கள். பையனுக்கு அப்போது ஏறக்குறைய 12 வயது. 1164-ல் ஹாரிம் போரில் சிரியாவை ஆண்ட நூருத்தீனிடம் பிடிபட்டு அலெப்போ சிறைக்குப் போனார். கூடப் பிடிபட்ட அந்தியோக்கியா இளவரசர் ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டார், இவர் கிட்டத்தட்ட பத்து வருடம் உள்ளே கிடந்தார். மீட்புப் பணம் 80,000 தீனார். அதிலும் ஒரு பகுதியைத்தான் கையில் கொடுக்க முடிந்தது, மீதிக்குப் பிணையாட்களை விட்டுவிட்டு வந்தார். இருபதுகளின் நடுவில் உள்ளே போனவர் முப்பது தாண்டி வெளியே வருகிறார். படிப்பு கொஞ்சம் உண்டு என்றும் அதைப் பெரும்பாலும் சிறையில்தான் தேடிக்கொண்டார் என்றும் அவரை நேரில் அறிந்த தீரு நகரப் பேராயர் வில்லியம் எழுதுகிறார். ஒல்லியான உடம்பு, நடுத்தர உயரம், கழுகு மூக்கு, மாநிறம், கூர்மையான கண், சாப்பாட்டிலும் குடியிலும் அளவு. வெளியாட்களுக்கு அள்ளிக் கொடுப்பார், சொந்த ஆட்களிடம் அவ்வளவு தாராளம் இல்லை என்பதும் அவர் எழுதியதுதான். எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்தது, புகழ மட்டுமே நினைக்கிறவர் அதை எழுத மாட்டார்.

சித்திரைவெயில்:

நண்பரே, போர் நடந்த நாளை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் கட்சி ஜெயிக்கும். அதற்கு முந்தைய பத்து மாதத்தையும் எடுங்கள்.

1186 ஆகஸ்டில் குழந்தை அரசர் ஐந்தாம் பால்ட்வின் இறக்கிறார். ரேமண்ட்தான் அப்போது ஆட்சிப் பொறுப்பாளர். அவர் நாப்லூஸில் பிரபுக்களைக் கூட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெருசலேமில் இறந்த குழந்தையின் தாய் சிபில்லா முடிசூடி, தன் கையாலேயே கணவர் கீயின் தலையில் கிரீடத்தை வைத்துவிடுகிறார். மற்ற பிரபுக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு புது அரசருக்கு வணக்கம் சொல்லப் போனார்கள். ரேமண்ட் போகவில்லை. தன் மனைவியின் ஊரான திபேரியாவில் போய் உட்கார்ந்துகொண்டு சலாஹுத்தீனோடு தனி உடன்பாடு போட்டார், அவருடைய படையாட்களைத் தன் கோட்டைக்குள் வரவழைத்தும் வைத்துக்கொண்டார். எந்த அரசைச் சில மாதம் முன்புவரை தானே நடத்தினாரோ, அந்த அரசுக்கு எதிராக! இதற்குத் துரோகம் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு?

வினாக்குறி:

நான் புதுசு, ஒரு சந்தேகம். அரசர் இருக்கும்போது ஒரு பிரபு எதிரியோடு தனியாக ஒப்பந்தம் போடலாமா? அப்படி வழக்கம் இருந்ததா?

ஏட்டுச்சுருள்:

வினாக்குறி தம்பி, இருந்தது. திரிப்போலி, அந்தியோக்கியா இரண்டும் ஜெருசலேமுக்குப் பக்கத்தில் தனித்தனி ஆட்சிகள். திரிப்போலிப் பிரபு என்ற முறையில் ரேமண்ட் சலாஹுத்தீனோடு பேசுவதில் புதுசாக எதுவும் இல்லை. 1175-லேயே சிரியாவின் ஹோம்ஸ் நகரம் பக்கம் படையோடு போய் நின்று, தன் மீட்புப் பணத்துக்காக அங்கே இருந்த பிணையாட்களைச் சலாஹுத்தீனிடம் பேசி விடுவித்திருக்கிறார். சிக்கல் எங்கே என்றால் திபேரியா ஜெருசலேம் அரசுக்குள் இருக்கும் நிலம். மனைவி எஷீவா கலிலேயாவின் சீமாட்டி, முதல் கணவர் இறந்தபின் நான்கு ஆண்பிள்ளைகளோடு இவரை மணந்தவர். அந்த நிலத்துக்காக ரேமண்ட் ஜெருசலேம் அரசருக்குக் கட்டுப்பட்டவர்.

அதனால் சித்திரைவெயில் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திரிப்போலிக்கு உடன்பாடு போட்டிருந்தால் கேள்வியே இல்லை, திபேரியாவுக்குள் ஆள் விட்டது தவறு. ஆனால் ஏன் விட்டார்? கீ படை திரட்டி திபேரியாவை முற்றுகையிடப் புறப்பட்டார். இபலின் குடும்பத்துப் பிரபு பாலியன் குறுக்கே விழுந்து தடுத்ததால்தான் நின்றது. சொந்த அரசரே படையோடு வரும்போது ஒரு மனிதர் எங்கே போவார்?

சித்திரைவெயில்:

திரிப்போலிக்குப் போயிருக்கலாமே. அவருடைய சொந்த ஊர், கடலும் கோட்டையும் இருந்தது. அவர் கலிலேயாவில் உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், கிரீடம் தனக்கு வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்.

பிறகு அந்த மே 1. அதையும் எழுதிவிடுங்கள், நீங்கள் தாண்டிப் போகப் பார்க்கிறீர்கள்.

ஏட்டுச்சுருள்:

தாண்டவில்லை, வந்துகொண்டே இருக்கிறேன். ரேமண்டின் வாழ்க்கையில் எனக்கே நெஞ்சு கனக்கும் இடம் அதுதான்.

1187 ஏப்ரல் கடைசி. சலாஹுத்தீனின் மகன் அல் அஃப்தல், கலிலேயா வழியாக ஒரு படையை அனுப்ப வழி கேட்டு ஆள் அனுப்புகிறார். உடன்பாடு இருப்பதால் ரேமண்டால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சரி, ஆனால் நிபந்தனை: சூரியன் உதித்தபின் யோர்தான் ஆற்றைத் தாண்டி வர வேண்டும், அடைவதற்குள் திரும்பிவிட வேண்டும், வீட்டையோ ஊரையோ தொடக் கூடாது. நாசரேத்து உட்பட எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்பி, இன்றைக்கு யாரும் வெளியே வராதீர்கள் என்று சொல்லச் செய்தார்.

அதே சமயத்தில்தான் அவரைச் சமாதானம் செய்ய அரசர் அனுப்பிய குழு வந்துகொண்டிருந்தது. அதில் டெம்ப்ளர்களின் தலைவர் ஜெரார்ட், ஹாஸ்பிட்டலர்களின் தலைவர் ரோஜர் (இரண்டும் துறவற விரதம் எடுத்த போர்வீரர்களின் சபைகள்), பின்னால் பாலியன். வெளியே வராதீர்கள் என்ற செய்தியைக் கேட்டதும் ஜெரார்ட் சுற்றியிருந்த டெம்ப்ளர்களைத் திரட்டி, ஏறக்குறைய 140 குதிரைவீரர்களோடு, ஆயிரக்கணக்கில் வந்த படையின் மேல் பாய்ந்தார். நாசரேத்துக்குப் பக்கத்தில் கிரெசான் ஊற்று. ரோஜர் செத்தார், ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள், ஜெரார்டும் விரல்விட்டு எண்ணும் சிலரும் தப்பினார்கள்.

பாலியன் நாப்லூஸில் வேலை பார்த்துவிட்டுப் பின்னாலேயே கிளம்பியவர், அன்று திருநாள் என்று செபஸ்தேயில் பூசைக்காகத் தங்கிவிட்டார். அப்புறம் டெம்ப்ளர்களின் லா ஃபேவ் கோட்டைக்கு வந்தால் வெளியே கூடாரங்கள் அடித்தபடி இருக்கின்றன, ஆள் இல்லை. ஒரு பணியாளை உள்ளே அனுப்பினார். அவன் அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனான், நோயில் படுத்திருந்த இரண்டு பேர் தவிர யாரும் இல்லை, அவர்களுக்கும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பதிவு செய்தவர்கள் அந்தப் பணியாளின் பெயரையும் விடவில்லை, ஏர்னூல்.

சாயங்காலம் அல் அஃப்தலின் படை சொன்னபடி சூரியன் அடைவதற்குள் திபேரியா வழியாகத் திரும்பியது. ஒரு வீட்டைத் தொடவில்லை. ஈட்டி முனைகளில் டெம்ப்ளர்களின் தலைகள். ரேமண்டின் கோட்டை மதிலுக்குக் கீழே அப்படியே போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் தயங்கவில்லை. முஸ்லிம் படையாட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அரசரைச் சந்திக்கப் போனார், கீயின் முன்னால் மண்டியிட்டார், கீ அவரைத் தூக்கி முத்தமிட்டார். உடன்பாடும் அன்றோடு முடிந்தது.

நடுச்சாம வாசிப்பு:

இழை முழுக்க வாசித்தேன். ஜெரார்டுக்கு ரேமண்ட் மேல் ஏன் அவ்வளவு காழ்ப்பு என்று யாரும் சொல்லவில்லையே, அது தெரியாமல் ஹத்தீன் புரியாது.

ஜெரார்ட் கிழக்கே பிழைப்பு தேடி வந்த ஒரு வீரர். நல்ல இடமாக வாய்த்தால் உனக்குக் கட்டிவைக்கிறேன் என்று ரேமண்ட் வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது பத்ரூன் என்ற கடற்கரை ஊரின் பிரபு இறக்க, அவர் மகள் வாரிசாக நின்றாள். ஜெரார்ட் கேட்டார். அதற்குள் பிளிவேன் என்ற பீசா நகர வணிகர், பெண்ணைத் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை பொன் தருகிறேன் என்று வந்தார். 10,000 பெசன்ட் (பொற்காசு) என்கிறது கதை. ரேமண்ட் பொன்னை வாங்கிக்கொண்டு பெண்ணை வணிகருக்குக் கொடுத்துவிட்டார். சொல்லுக்கு நின்றவனுக்கு நாமம்! ஜெரார்ட் பிறகு டெம்ப்ளர்களோடு சேர்ந்து, 1185-க்குள் தலைவராகவே ஆகிவிட்டார். அவமானத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

ரேமண்டுக்குப் பணக்கஷ்டம் இருந்தது உண்மை, மீட்புப் பணம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அதற்காக வாக்குத் தவறியது சரியாகிவிடாது. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவும் எங்கேயும் இல்லை.

கடல்காற்று:

பெய்ரூட்டில் வேலை பார்த்தபோது இரண்டு முறை திரிப்போலிக்குப் போயிருக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு நாம் பார்க்கும் பழைய ஊர், அந்தச் சந்தைத் தெருக்கள், குளியல்கூடங்கள் எதுவும் ரேமண்ட் பார்த்தவை இல்லை. 1289-ல் மம்லூக் சுல்தான் கலாவூன் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, உள்ளே தள்ளி மலைக்கோட்டை அடிவாரத்தில் புது ஊர் கட்டினார். ரேமண்டின் திரிப்போலி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இருந்தது, இப்போது அல் மீனா என்கிறார்கள். மீன் வலை காயும் துறைமுகம், எதிரே சின்னச் சின்னத் தீவுகள். மேலே அபூ அலி ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் கோட்டை அவருடைய முன்னோர் தொடங்கியதுதான், ஆனால் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் நிறையக் கட்டிவிட்டார்கள்.

அல் மீனாவில் நின்று பார்த்தால் சித்திரைவெயில் கேட்ட கேள்வி எனக்கும் வரும். இவ்வளவு நல்ல இடத்தை வைத்துக்கொண்டு கலிலேயாவில் ஏன் போய் மாட்டினார்?

ஏட்டுச்சுருள்:

நன்றி கடல்காற்று, இது எனக்குத் தெரியாத கோணம்.

நடுச்சாம வாசிப்பு, பத்ரூன் விஷயத்தில் ரேமண்டுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அது அவர் செய்த அசிங்கமான காரியம், அதற்கு விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை என்பதுதான் கொடுமை.

இப்போது ஜூலை 2. சலாஹுத்தீன் திபேரியாவைத் தாக்கி ஊரைப் பிடித்துவிட்டார். எஷீவா உள்கோட்டையில் ஒரு சிறு காவல் படையோடு மாட்டிக்கொண்டார். ஜெருசலேம் படை சஃபூரியாவில், தண்ணீரும் புல்லும் தாராளமாக உள்ள இடத்தில். எஷீவாவின் பிள்ளைகளும் படையில் இருந்தார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் ரேமண்ட் எழுந்து பேசியதன் சாரம் இது: திபேரியா என்னுடையது, உள்ளே இருப்பது என் மனைவி, போனால் என்னைவிட அதிகம் இழப்பவர் இங்கே யாரும் இல்லை. ஊர் போனால் திரும்பக் கட்டிக்கொள்வேன், மனைவியைப் பிடித்தால் பணம் கொடுத்து மீட்டுக்கொள்வேன். இங்கிருந்து திபேரியாவரை படைக்குப் போதுமான தண்ணீர் கிடையாது. போகாதீர்கள், சலாஹுத்தீன் நம்மைத் தேடி வரட்டும்.

எல்லாரும் சரி என்றார்கள். அரசரும் சரி என்றார். இரவு எல்லாரும் தூங்கப் போனபின் ஜெரார்ட் தனியாக அரசரின் கூடாரத்துக்குள் போனார். துரோகி பேச்சைக் கேட்கிறீர்களா, பக்கத்திலேயே ஒரு ஊரை விட்டுக்கொடுத்தால் உங்களை யார் மதிப்பார்கள் என்று ஏற்றிவிட்டார். நடுராத்திரியில் புறப்படச் சொல்லி முரசு.

ரேமண்ட் சலாஹுத்தீனுக்கு விலைபோயிருந்தால் அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும்? கிளம்புங்கள், என் மனைவியைக் காப்பாற்றுங்கள் என்று. சலாஹுத்தீன் விரும்பியதும் அதைத்தான், படை ஊற்றைவிட்டு வெளியே வர வேண்டும் என்று.

செம்மண்:

தண்ணீர் என்றதும் எழுதத் தோன்றியது. குவைத்தில் ஏழு வருடம் சாரம் கட்டும் வேலை பார்த்தேன். ஜூலை மாதம் காலை ஒன்பது மணிக்கே இரும்புக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்துவிடும், கேனில் இருக்கும் தண்ணீர் டீக்குக் கொதிக்கவைத்த மாதிரி இருக்கும், அதையும் சண்டை போட்டுக் குடிப்போம். ஒரு முறை தண்ணீர் வண்டி மதியம்வரை வரவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் திறந்திருந்தது. நிழலுக்கு இழுத்துப் போட்டுத் துணியை நனைத்து வைத்த பிறகுதான் பேச்சு வந்தது. அது அரை நாள். இவர்கள் பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாளும், உடம்பில் இரும்பு வளையச் சட்டையோடு. ரேமண்ட் சொன்னது போர்த்தந்திரம்கூட இல்லை, வெயிலில் வளர்ந்தவனுக்குத் தெரிந்த விஷயம்.

சித்திரைவெயில்:

செம்மண் அண்ணே, உங்கள் பதிவுக்குப் பிறகு எதிர்வாதம் செய்யவே சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு விஷயம்.

ஒன்று, கீயை ஏன் யாரும் புரிந்துகொள்வதில்லை? 1183-ல் இதே மாதிரி சலாஹுத்தீன் உள்ளே வந்தபோது கீ ஆட்சிப் பொறுப்பாளராக இருந்து, சண்டைக்குப் போகாமல் படையை ஊற்றுப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தார். சலாஹுத்தீன் சில நாள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார். ரேமண்ட் இப்போது சொல்கிற அதே வழி. அதற்கு என்ன கிடைத்தது? கோழை என்ற பட்டம், பதவியும் பறிபோனது. அவருக்குப் பெயர் வந்துவிடக் கூடாது என்றே ரேமண்ட் உள்ளிட்ட பிரபுக்கள் அன்று ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சும் இருந்தது, உங்கள் வில்லியமே குறிப்பிடுகிறார். நான்கு வருடம் கழித்து அதே ஆட்கள் வந்து சும்மா உட்கார் என்றால் எந்த மனிதர் கேட்பார்?

இரண்டு, நமக்கு ரேமண்டைப் பற்றி நல்லது சொல்வது யார்? வில்லியம் அரசின் தலைமை எழுத்தராகவும் பேராயராகவும் ஆனது ரேமண்ட் பொறுப்பில் இருந்த காலத்தில். லா ஃபேவ் கோட்டைக்குள் போன அந்தப் பணியாள் ஏர்னூலின் பெயரில்தான் இன்னொரு வரலாறு இருக்கிறது, அவர் பாலியனின் ஆள், பாலியன் ரேமண்டின் கூட்டாளி. ஒரே கட்சிக்காரர்கள் எழுதிய வரலாறு.

நடுச்சாம வாசிப்பு:

1183 பற்றி சித்திரைவெயில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜெரார்ட் அந்த ராத்திரி கூடாரத்தில் தொட்டதே அந்தப் புண்ணைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டாவது வாதத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. ரேமண்டுக்கு எந்தக் கடனும் படாத அரபு ஆசிரியர்களை எடுங்கள். அந்தக் காலத்துப் பிராங்குகளில் (கிழக்கே இருந்த ஐரோப்பியர்களை அரபியர் அப்படித்தான் அழைத்தார்கள்) அவரைவிடத் துணிச்சலும் யோசனையும் உள்ளவர் இல்லை என்கிறார் இப்னுல் அஸீர். ஹத்தீனில் தப்பித்ததற்கும் விளக்கம் தருகிறார். முன்னணிப் படை ரேமண்டுடையது. தாகமும், காய்ந்த புல்லில் மூட்டிய தீயின் புகையும் சூழ்ந்த நேரத்தில் அவர் எதிரே நின்ற சலாஹுத்தீனின் சகோதரர் மகன் தகியுத்தீன் மேல் பாய்ந்தார். உயிரை வெறுத்து வருகிறார்கள் என்று கண்ட தகியுத்தீன் தன் வரிசையை விலக்கி வழிவிட்டார். பாய்ச்சல் வெறும் வெளியில் போய் விழுந்தது, பின்னாலேயே வரிசை மூடிக்கொண்டது. திரும்ப உள்ளே வர வழி இல்லை. ஒப்பந்தம் இருந்திருந்தால் அதைப் பெருமையாக எழுதிவைக்க அவர்களுக்கு என்ன தடை?

பாலியனும் சீதோன் பிரபு ரெஜினால்டும்கூட அன்று தப்பினார்கள், யாரும் துரோகி என்று சொல்லவில்லை. ஜெரார்ட் பிடிபட்டார். பிடிபட்ட டெம்ப்ளர்களையும் ஹாஸ்பிட்டலர்களையும் சலாஹுத்தீன் வெட்டச் சொன்னார், ஜெரார்டை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு, கோட்டைகளைச் சரணடையச் சொல்லப் பயன்படுத்திக்கொண்டு விட்டுவிட்டார். பெயர் கெட்டது ரேமண்டுக்கு!

வினாக்குறி:

அப்படியென்றால் ரேமண்ட் சொன்ன யோசனை எல்லாமே சரியா? ஒன்றுகூடத் தப்பாகவில்லையா?

ஏட்டுச்சுருள்:

தப்பாயிற்று தம்பி. ஜூலை 3 சாயங்காலம் படை வழியிலேயே தண்ணீர் இல்லாத இடத்தில் கூடாரம் அடித்தது. ஒரு பதிவில் அதைக் கண்டு ரேமண்ட், கடவுளே, போர் முடிந்துவிட்டது, நாம் செத்தவர்கள் என்று அலறுகிறார். இன்னொன்றில், வில்லியமின் வரலாற்றைப் பழைய பிரெஞ்சு மொழியில் தொடர்ந்து எழுதிய நூலில், அங்கே நிற்கச் சொன்னதே ரேமண்ட்தான். நல்ல யோசனையைக் கேட்காத அரசர் இந்தக் கெட்ட யோசனையைக் கேட்டுவிட்டார் என்று அதை எழுதியவர் வருத்தப்படுகிறார். அவர் ரேமண்ட் பக்கத்து ஆள்தான், அப்படியும் எழுதியிருக்கிறார். நான் இரண்டாவதையே நம்புகிறேன். பின்னணிப் படை அடி தாங்காமல் நகரவே முடியாமல் நின்றபோது யாராக இருந்தாலும் நிற்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

சித்திரைவெயிலுக்கு: முதல் பதிவில் துரோகம் செய்யவில்லை என்று எழுதியதை மாற்றவில்லை, ஆனால் 1186-ல் அவர் திரிப்போலிக்குப் போயிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் போயிருந்தால் கிரெசான் நடந்திருக்காது. கிரெசான் நடக்காமல் இருந்திருந்தால் ஜெரார்டின் வாயில் துரோகி என்ற சொல்லுக்கு அவ்வளவு கனம் இருந்திருக்காது.

சித்திரைவெயில்:

இது போதும் எனக்கு. நானும் ஹத்தீன் நாளுக்கான குற்றச்சாட்டை விட்டுவிடுகிறேன். கடைசியில் அவருக்கு என்ன ஆயிற்று, மனைவி என்ன ஆனார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ஏட்டுச்சுருள்:

களத்திலிருந்து தீருவுக்குப் போய், அங்கிருந்து திரிப்போலிக்குப் போனார். அந்த வருடம் முடிவதற்குள் இறந்துவிட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நுரையீரல் உறையில் வந்த நோய் என்று சொல்கிறார்கள், துக்கத்தில் செத்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளை இல்லை. எஷீவாவின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் மாதிரியே பார்த்துக்கொண்டார் என்று வில்லியம் எழுதியிருக்கிறார். திரிப்போலி அந்தியோக்கியா குடும்பத்துக்குப் போனது.

எஷீவா போருக்கு மறுநாள், ஜூலை 5, உள்கோட்டையைக் கொடுத்துவிட்டார். சலாஹுத்தீன் ஒரு காசு கேட்கவில்லை. அவரையும் அவர் வீட்டாரையும் சாமான்களோடு பத்திரமாகத் திரிப்போலிக்கு அனுப்பிவைத்தார்.